உயிரியலை எங்கே தொடங்குவது? ஒரே நோயைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பிரிவுகளையும் கடக்கும் வழி

பள்ளியோடு உயிரியலுக்கு முழுக்குப் போட்டுவிட்டு, நடுவயதில் ஆசைப்பட்டுத் திரும்ப வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வாசிப்பு வட்டத்துக்குக் கணக்கர், பொறியாளர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் என்று பலர் இப்படி வந்திருக்கிறார்கள். பெரும்பாலும் எல்லாரும் ஒரே இடத்தில்தான் இடறுவார்கள். புத்தகத்தைத் திறந்ததும் உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை என்று பெயர்ப் பட்டியல் வரும். கொஞ்ச நாள் மனப்பாடம் நடக்கும், அப்புறம் ஆளைக் காணோம்.

இங்கே நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் செல், அதன்பின் புரதம், டிஎன்ஏ, மரபு, உடல், பரிணாமம், சூழல், வகைப்பாடு கடைசியில். ஒவ்வொரு பிரிவுக்கும் வேறு வேறு உதாரணம் தேடாமல், ரத்தத்தின் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துபோகும் அரிவாள் செல் ரத்தசோகை என்ற ஒரே நோயை முதலிலிருந்து கடைசிவரை கூடவே கொண்டுபோக வேண்டும். இந்த நோயின் மூலம் டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்து. விளைவோ செல்லில் தெரிகிறது, உடம்பில் தெரிகிறது, குடும்பத்தில் தெரிகிறது, நீலகிரிக் காட்டோரக் கிராமங்கள்வரை தெரிகிறது. இவ்வளவு நேராக ஓடும் கயிறு உயிரியலில் அபூர்வம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு கோடில்லா நோட்டு. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகம், பதினொன்று பன்னிரண்டாம் வகுப்புத் தாவரவியல், விலங்கியல் புத்தகங்கள். தமிழ்வழிப் புத்தகமே போதும். நோட்டு கோடில்லாமல் இருக்கச் சொல்வதற்குக் காரணம், இதில் எழுதுவதைவிட வரைவதுதான் அதிகம்.

வேதியியலில் மூன்று விஷயங்கள் தெரிந்திருந்தால் போதும்: அணுக்கள் சேர்ந்து மூலக்கூறு ஆகின்றன, சில மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் உண்டு, மின்னூட்டம் உள்ளவை தண்ணீரோடு ஒட்டும், எண்ணெய்த் தன்மை உள்ளவை தண்ணீரைவிட்டு விலகும். மூன்றாவதைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள். புரதம் ஏன் மடிகிறது, செல்லுக்கு ஏன் சவ்வு இருக்கிறது என்ற இரண்டு பெரிய கேள்விகளுக்கும் விடை அதில்தான் இருக்கிறது.

கணக்கில், நாணயம் சுண்டும் நிகழ்தகவு தெரிந்தால் போதும்.

2. முதல் வேலை: அளவைப் பழக்கிக்கொள்வது

வைரஸ், பாக்டீரியா, செல், டிஎன்ஏ எல்லாமே புதியவர் மனதில் ‘கண்ணுக்குத் தெரியாத சின்னது’ என்ற ஒரே மூட்டையில் கிடக்கும். அதை அவிழ்க்காமல் மேலே போனால், செல்லுக்குள் புரதம் இருக்கிறதா, புரதத்துக்குள் செல் இருக்கிறதா என்ற குழப்பம் மாதக்கணக்கில் போகாது.

நோட்டில் 8 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு வட்டம் வரையுங்கள். அது ஒரு சிவப்பணு. உண்மையில் அதன் அகலம் 7 முதல் 8 மைக்ரோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஏழெட்டுப் பங்கு. இனி ஒரு மைக்ரோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்பது நம் கணக்கு.

இந்தக் கணக்கில் குடலில் வாழும் சாதாரண பாக்டீரியா ஒன்றின் நீளம் சுமார் 2 சென்டிமீட்டர். கொரோனா வைரஸ் ஒரு மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமன் 70 சென்டிமீட்டர் அளவுக்கு வரும். மலேரியா கொசு ஏறத்தாழ 60 மீட்டர். சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின் மூலக்கூறோ பேனா முனை வைக்கும் புள்ளியைவிடச் சின்னது. அப்படிப்பட்டவை ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி இருக்கின்றன.

இந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் வைத்திருங்கள். கடைசிப் படிவரை இதைத் திருப்பிப் பார்க்க வேண்டிவரும்.

3. செல்: படத்துக்கு முன் வெங்காயம்

செல் பாடத்தில் எல்லாரும் செய்யும் பிழை, புத்தகத்தின் வண்ணப் படத்தை மனப்பாடம் செய்வது. மைட்டோகாண்ட்ரியா, கோல்கை, ரைபோசோம் என்று பதினைந்து பெயர் வாயில் வரும். செல் என்பது உயிரோடு இருக்கும் ஒன்று என்பது மட்டும் மனதில் ஏறாது. அதனால் படத்தைத் தொடும் முன் ஓர் உண்மையான செல்லைப் பாருங்கள். பக்கத்துப் பள்ளியில் கேட்டால் ஒரு மணி நேரம் நுண்ணோக்கி கிடைக்கும். காகிதத்தில் மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப் இருந்தாலும் செல்களைப் பார்த்துவிடலாம்.

சிவந்த பெரிய வெங்காயம் ஒன்றை எடுங்கள். காய்ந்த தோலை உரித்துப் போட்டுவிடுங்கள், அது நமக்கு உதவாது. அடுத்துவரும் சதைப்பற்றான இதழின் வெளிப்புறத்தில் ஊதா நிறத்தில் மெல்லிய படலம் இருக்கும். இதழை ஒடித்து இழுத்தால் ஓரத்தில் அது கண்ணாடித் தாள்போல உரிந்துவரும். சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவு போதும். கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, அதில் படலத்தைச் சுருக்கமில்லாமல் பரப்பி, மேல் சில்லைச் சாய்வாக இறக்குங்கள். தட்டென்று வைத்தால் காற்றுக் குமிழி உட்கார்ந்துகொள்ளும். கறுப்பு விளிம்போடு உருண்டையாகத் தெரியும் அந்தக் குமிழியைச் செல் என்று நினைத்து வரைந்தவர்கள் எத்தனையோ பேர்.

குறைந்த உருப்பெருக்கத்தில் தொடங்குங்கள். ஊதா நிறச் செங்கற்கள் அடுக்கியதுபோலத் தெரியும். இப்போது கால் டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, மேல் சில்லின் ஒரு பக்கம் ஒரு சொட்டு விட்டு, எதிர்ப்பக்கம் மெல்லிய காகிதத்தால் உறிஞ்சுங்கள். உப்புத் தண்ணீர் உள்ளே ஓடும். சில நிமிடங்களில் ஊதா நிறம் சுவரைவிட்டு விலகி நடுவில் சுருங்கும். சுவர் நின்ற இடத்திலேயே நிற்கும்.

செல்சுவர் வேறு, செல்சவ்வு வேறு என்று புத்தகம் ஒரு பக்கம் எழுதுவதை இந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது. தண்ணீரை விட்டு, உப்பையும் நிறத்தையும் எளிதில் விடாத ஒரு சவ்வு அங்கே இருக்கிறது. உடனே நல்ல தண்ணீரை விட்டால் பெரும்பாலான செல்கள் மறுபடி உப்பும்.

பிறகு சிவப்பணுவுக்கு வாருங்கள். அதற்குச் சுவர் கிடையாது, சவ்வு மட்டும்தான். நடுவில் குழிந்த தட்டு வடிவம், நன்றாக வளையும். தன்னைவிடக் குறுகலான நுண்குழாய்களில் மடங்கி நுழைந்து மறுபக்கம் வெளியேறும். எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போதே உட்கருவை வெளியே தள்ளிவிட்டுத்தான் ரத்தத்துக்கு வருகிறது. சுமார் 120 நாள் வாழ்கிறது. அரிவாள் செல் நோயில் இந்த வளையும் தன்மைதான் போய்விடுகிறது. ஏன் என்ற கேள்வியை நோட்டில் எழுதிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

4. புரதம்: டிஎன்ஏவுக்கு முன்பே

இங்கேதான் நான் பெரும்பாலான அறிமுகங்களோடு முரண்படுகிறேன். எல்லாரும் டிஎன்ஏவிலிருந்து தொடங்குகிறார்கள். டிஎன்ஏ எதைச் செய்யச் சொல்கிறது என்று தெரியாமல் அதன் முறுக்கேணியை மட்டும் ரசிப்பதில் பயனில்லை. செல்லில் வேலை செய்வது பெரும்பாலும் புரதங்கள். அதனால் முதலில் புரதம்.

புரதம் என்றதும் பருப்பும் முட்டையும் மட்டும் நினைவுக்கு வந்தால் அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். 20 வகை அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சங்கிலிதான் புரதம். சில அமினோ அமிலங்களுக்கு மின்னூட்டம் உண்டு, சிலவற்றுக்கு எண்ணெய்த் தன்மை. ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெய்ப் பொட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்வதைப் போல, எண்ணெய்த் தன்மை உள்ளவை தண்ணீரை ஒதுக்கி உள்ளே கூடும். சங்கிலி மடிந்து ஒரு வடிவம் எடுக்கும். அந்த வடிவம்தான் புரதத்தின் வேலையைத் தீர்மானிக்கிறது.

ஹீமோகுளோபினில் நான்கு சங்கிலிகள்: ஆல்ஃபா இரண்டு, பீட்டா இரண்டு. பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். அதில் ஆறாவது இடத்தில் இருக்க வேண்டியது குளூட்டாமிக் அமிலம், மின்னூட்டம் உள்ளது. அரிவாள் செல் நோயில் அங்கே வேலின் உட்கார்ந்திருக்கிறது. வேலினுக்கு எண்ணெய்த் தன்மை.

மூலக்கூறின் வெளிப்புறத்தில், தண்ணீரைப் பார்த்தபடி ஓர் எண்ணெய்ப் பொட்டு. ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறக்கியதும் அதன் வடிவம் சற்று மாறும். அப்போது பக்கத்து மூலக்கூறில் அந்தப் பொட்டு பொருந்தும்படி ஒரு குழி திறக்கிறது. ஒன்று மற்றொன்றில் ஒட்ட, அது இன்னொன்றில் ஒட்ட, நீண்ட விறைப்பான இழைகள் உருவாகின்றன. இழைகள் உள்ளிருந்து தள்ள, தட்டு வடிவச் செல் அரிவாளாக வளைகிறது. நுரையீரலுக்குப் போய் ஆக்சிஜன் ஏறியதும் இழைகள் கலையும். திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் சவ்வு கெட்டு, செல் வளைந்தபடியே நின்றுவிடும்.

இந்தப் பத்தியைப் புத்தகம் மூடிவிட்டு வரைந்து காட்ட முடிகிறவரை இங்கேயே இருங்கள். மற்ற எந்தப் படியைவிடவும் இதற்கு அதிக நேரம் கொடுக்கலாம். நொதிகள், ஹார்மோன்கள், மருந்துகள், எதிர்ப்பொருள்கள் எல்லாமே ‘வடிவம் பொருந்துகிறது’ என்ற இதே கருத்தில்தான் நிற்கின்றன.

5. டிஎன்ஏ: எழுத்திலிருந்து வடிவத்துக்கு

இப்போது டிஎன்ஏ எளிதாக இருக்கும். ஏ, டி, ஜி, சி என்று நான்கு எழுத்துகள். மூன்று மூன்றாக வாசிக்கப்படுகின்றன. ஒவ்வொரு மூன்றெழுத்தும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கிறது. சாத்தியமான 64 மூன்றெழுத்துகளில் 61 அமினோ அமிலங்களுக்கு, 3 நிறுத்தற்குறிகள். டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ, ஆர்என்ஏவிலிருந்து ரைபோசோமில் புரதம் என்ற போக்கை ஒரு முறை வரைந்தால் போதும்.

பீட்டா சங்கிலிக்கான மரபணு 11-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதில் ஜிஏஜி என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜிடிஜி. நடு எழுத்து மட்டும் மாறியிருக்கிறது. மனித மரபுத்தொகுதியில் சுமார் 310 கோடி எழுத்து இணைகள். அதில் ஓரிடம் இப்படி மாறியதற்குத்தான் முந்தைய படியில் பார்த்த அத்தனை கூத்தும்.

இங்கே மூன்று குழப்பங்கள் தவறாமல் வரும்.

முதலாவது, ‘அவருக்கு அந்த நோயின் மரபணு இருக்கிறது’ என்ற பேச்சு. பீட்டா சங்கிலி மரபணு நம் எல்லாருக்கும் இருக்கிறது. வேறுபடுவது அதன் வடிவம். இதைத் தெளிவாக்கிக்கொள்ளாவிட்டால் அடுத்த படியான மரபியல் முழுக்கக் குழம்பும்.

இரண்டாவது, சிவப்பணுவுக்கு உட்கருவே இல்லையே, மரபணு எங்கிருந்து வேலை செய்கிறது என்ற கேள்வி. யாராவது இதைக் கேட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும், மூன்றாம் படியைச் சரியாகப் படித்திருக்கிறார் என்று அர்த்தம். உட்கருவோடு இருக்கும் முன்னோடிச் செல்லே மஜ்ஜையில் வைத்து ஹீமோகுளோபினைத் தயாரித்து நிரப்பிவிடுகிறது.

மூன்றாவது, எல்லாச் செல்லிலும் ஒரே டிஎன்ஏ என்றால் தோல் செல் ஏன் ஹீமோகுளோபின் செய்வதில்லை? எந்த மரபணு எங்கே எப்போது இயங்க வேண்டும் என்பதற்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. கருவில் இருக்கும் குழந்தை பீட்டாவுக்குப் பதில் காமா என்ற வேறு சங்கிலியை அதிகம் பயன்படுத்துகிறது. பிறந்த பிறகுதான் பீட்டா மெல்ல அந்த இடத்தைப் பிடிக்கிறது. அதனால்தான் அரிவாள் செல் நோயோடு பிறந்த குழந்தைக்கு முதல் சில மாதங்கள் அறிகுறி தெரிவதில்லை. காமாவை நினைவில் வையுங்கள், உடல் பகுதியில் திரும்ப வரும்.

6. மரபு: கட்டம் போடும் முன் நாணயம்

மரபியலில் நேராகக் கட்டம் போட்டு 3:1, 9:3:3:1 என்று கணக்கு செய்யப் பழகியவர்கள், கட்டத்தில் உள்ள எழுத்து எதைக் குறிக்கிறது என்று கேட்டால் விழிப்பார்கள். அதனால் முதலில் குன்றல் பகுப்பைப் படியுங்கள். ஒவ்வொருவரிடமும் 11-ஆம் குரோமோசோம் இரண்டு இருக்கிறது, முட்டைக்கோ விந்தணுவுக்கோ அதில் ஒன்று மட்டும் போகிறது. இது புரிந்தால் கட்டம் தானாக வரும்.

இரண்டு நாணயம் எடுங்கள். ஒன்று தாய், மற்றது தந்தை. இருவரும் கேரியர்: ஒரு பிரதி சாதாரணம், ஒரு பிரதி மாறியது. பூ விழுந்தால் மாறிய பிரதி என்று வைத்துச் சுண்டுங்கள். இரண்டும் பூ என்றால் குழந்தைக்கு நோய். ஒன்று மட்டும் பூ என்றால் குழந்தையும் கேரியர். வாய்ப்பு முறையே கால், அரை. நோயும் இல்லாமல் கேரியராகவும் இல்லாமல் இருக்கும் வாய்ப்பு இன்னொரு கால்.

‘நான்கு பிள்ளைகளில் ஒன்றுக்கு வரும், முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனிப் பயமில்லை’ என்று குடும்பங்கள் நினைப்பது ஆபத்தான தவறு. ஒவ்வொரு குழந்தைக்கும் நாணயம் புதிதாகச் சுண்டப்படுகிறது. போன முறை எது விழுந்தது என்பதை நாணயம் நினைவில் வைத்திருப்பதில்லை.

ஓங்கு பண்பு என்றால் வலுவானது, பரவலாக இருப்பது என்று எடுத்துக்கொள்வதும் பிழை. இரண்டு பிரதிகள் சந்திக்கும்போது எது வெளியே தெரிகிறது என்பது மட்டும்தான் அதன் பொருள். அதுகூடப் பார்க்கும் இடத்தைப் பொறுத்தது: கேரியருக்குப் பொதுவாக நோய் இல்லை, ஆனால் ரத்தத்தைச் சோதித்தால் இரண்டு வகை ஹீமோகுளோபினும் இருக்கும்.

7. உடல்: ஒரு வாசலில் நுழைந்து சுற்றிவருவது

உடற்செயலியல் பாடங்கள் எண்ணிக்கையில் அதிகம். அத்தியாய வரிசையில் செரிமானத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நம் கையில் சிவப்பணு இருக்கிறது, அதனால் ரத்தம், ரத்த ஓட்டம், சுவாசம் ஆகிய மூன்றையும் ஒன்றாகப் படியுங்கள். பிறகு சிறுநீரகம், மண்ணீரல், நோய் எதிர்ப்பு. நரம்பும் ஹார்மோனும் அதன்பின் வரட்டும்.

விறைத்த செல்கள் நுண்குழாயை அடைத்தால் அதற்கு அப்பால் உள்ள திசுவுக்கு ஆக்சிஜன் இல்லை. அதனால் தாங்க முடியாத வலி. இந்தச் செல்கள் 120 நாளுக்குப் பதில் 10 முதல் 20 நாளில் உடைந்துபோகின்றன; மஜ்ஜையால் ஈடுகொடுக்க முடியாமல் ரத்தசோகை. மண்ணீரலின் குழாய்கள் திரும்பத் திரும்ப அடைபட்டு அது சிறுவயதிலேயே செயலிழக்கும். அதனால் சில பாக்டீரியாத் தொற்றுகள் கடுமையாகத் தாக்கும். உடலில் நீர் குறைந்தால் செல்லுக்குள் ஹீமோகுளோபின் அடர்த்தி கூடி இழைகள் எளிதாக உருவாகும். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வது அதனால்தான். வெங்காயப் படலத்தில் தண்ணீர் சவ்வைக் கடந்துபோனதைப் பார்த்தோமே, அதே சவ்வூடு பரவல்.

ஹைட்ராக்சியூரியா என்ற மருந்து காமா சங்கிலி கொண்ட கருநிலை ஹீமோகுளோபினை உடம்பில் கூட்டுகிறது. 2023 இறுதியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்ற மரபணுத் திருத்தச் சிகிச்சை ஒன்றும், காமாவை அணைத்து வைத்திருக்கும் கட்டுப்பாட்டைத் தளர்த்தித்தான் வேலை செய்கிறது. ஐந்தாம் படியின் மூன்றாவது கேள்வி புரியாதவருக்கு இந்த இரண்டுமே வெறும் பெயர்களாகத்தான் நிற்கும்.

8. பரிணாமம்: ‘உடல் தன்னை மாற்றிக்கொண்டது’ என்று சொல்லாமல்

இவ்வளவு கெடுதல் செய்யும் எழுத்து ஏன் மறைந்துபோகவில்லை? இந்தக் கேள்வி உங்களுக்கே எழும்வரை பரிணாமப் பாடத்தைத் தொடாமல் இருப்பது நல்லது. கேள்வி இல்லாமல் படித்தால் அது பழைய எலும்புகளின் கதையாகச் சுருங்கிவிடும்.

கேரியர்களுக்குக் கடுமையான மலேரியா குறைவாக வருகிறது. ஆன்டனி ஆலிசன் என்ற ஆய்வாளர் 1954-இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் இதைக் காட்டினார். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1952-இல், நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் பண்பு இருப்பது பதிவானது. இந்தியாவில் அதுதான் முதல் பதிவு.

ஒரு கணக்கு போடுங்கள். ஒரு மக்கள்கூட்டத்தில் இந்த மரபணுவின் பிரதிகளில் பத்தில் ஒன்று மாறியது என்று வைப்போம். இரண்டும் மாறியவர் 100-க்கு 1. கேரியர்கள் 100-க்கு 18. மலேரியா பரவிய காலத்தில் ஒருவர் இழப்பதைப் பதினெட்டுப் பேர் கொஞ்சம் கொஞ்சமாக ஈடுகட்டுகிறார்கள். அதனால் எழுத்து நிலைத்தது. மலேரியா இல்லாத ஊருக்குக் குடிபெயர்ந்தால் ஈடு போய்விடும், இழப்பு மட்டும் தொடரும்.

‘மலேரியாவைச் சமாளிக்க உடல் இந்த மாற்றத்தை உண்டாக்கியது’ என்று எழுதிவிடாதீர்கள். படித்தவர்களிடம்கூட இந்தப் பிழை ஒட்டிக்கொண்டிருக்கிறது. எழுத்து தற்செயலாக மாறியது. மாறிய எழுத்தைச் சுமந்தவர்களில் கூடுதலானோர் பிழைத்துப் பிள்ளை பெற்றார்கள். மாறியது மக்கள்கூட்டத்தில் உள்ள விகிதம், தனி ஒருவரின் உடல் அல்ல.

9. சூழல்: கொசுவும் தட்பவெப்பமும்

சூழலியலை மரம் நடுதல், மாசு என்று சுருக்காமல், ‘எந்த உயிர் எங்கே, ஏன் அங்கே’ என்ற கேள்வியாக எடுங்கள். மலேரியா ஒட்டுண்ணிக்கு அனோஃபிலஸ் பெண் கொசு, மனிதன் இரண்டும் வேண்டும். கொசுவின் உடலுக்குள் அது முதிர்ச்சி அடையக் கதகதப்பு வேண்டும். கொடிய வகையான ஃபால்சிபாரம், 18 டிகிரிக்கு அருகிலும் அதற்குக் கீழும் மிகவும் திணறும். குளிர்ந்த மேட்டு நிலத்தையும், கீழே சூடான ஈரக் காட்டையும் ஒரே மாவட்டத்தில் வைத்திருக்கும் மலைப்பகுதியில் இது என்னவாகும் என்று நோட்டில் வரைந்து பாருங்கள்.

சென்னையில் மலேரியா பரப்பும் அனோஃபிலஸ் ஸ்டீபன்சி கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் முட்டையிடும். தொட்டி மூடியும் சூழலியல் பாடத்தில் சேர்த்திதான்.

10. வகைப்பாடு: இப்போது தானாக ஏறும்

இவ்வளவு தூரம் வந்தபின் பெயர்ப் பட்டியலுக்கு ஒரு பயன் தெரியும். மலேரியாக் கிருமி பாக்டீரியாவா, வைரஸா? இரண்டும் இல்லை, உட்கரு உள்ள ஒரு செல் உயிரி. செல்லமைப்பில் அது நமக்குக் கொஞ்சம் நெருக்கம், அதனால் அதைக் கொன்று நம்மை விட்டுவைக்கும் மருந்து கண்டுபிடிப்பது சிரமம். பாலூட்டிகளின் சிவப்பணுவில் உட்கரு இல்லை, பறவைக்கும் தவளைக்கும் உண்டு. இப்படி ஒவ்வொரு பெயருக்கும் ஒரு காரணம் ஒட்டினால் மனப்பாடம் தேவைப்படாது. ஒரு வாரம் போதும்.

11. இரண்டாம் சுற்றுக்கு எதை எடுப்பது

முதலில் ஒரு சோதனை. வெற்றுப் பக்கத்தில் எழுத்து, அமினோ அமிலம், வடிவம், செல், உறுப்பு, குடும்பம், மக்கள்கூட்டம், இடம் என்று எட்டுச் சொற்களை எழுதி, அடுத்தடுத்தவற்றை ஒவ்வொரு வாக்கியத்தால் இணையுங்கள். எந்த இணைப்பில் பேனா நிற்கிறதோ அந்தப் படிக்கு மட்டும் திரும்புங்கள். முழுக்க முதலிலிருந்து படிக்க வேண்டாம்.

அடுத்து வேறொரு கயிறு. சர்க்கரை நோயையும் புற்றுநோயையும் உடனே எடுக்காதீர்கள். இரண்டிலும் பல மரபணுக்கள், பல காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. புதியவருக்கு நுனி அகப்படாது.

இந்தச் சுற்றில் தாவரம் அநேகமாக விட்டுப்போயிற்று, அதனால் நெல்லை எடுப்பதே என் தேர்வு. வெள்ளத்தில் முழுகினாலும் இரண்டு வாரம்வரை தாக்குப்பிடிக்கும், சப்-1 என்ற மரபணு கொண்ட ரகங்கள் இருக்கின்றன. காவிரி டெல்டாவில் சி.ஆர். 1009 சப்-1 சாகுபடியாகிறது. சாதாரண நெல் முழுகினால் மேலே எட்டிப் பார்க்க அவசரமாக வளர்ந்து, சேர்த்துவைத்த மாவுச்சத்தைத் தீர்த்துவிட்டுச் சாகும். சப்-1 உள்ள நெல் வளர்ச்சியை நிறுத்தி, தண்ணீர் வடியும்வரை காத்திருக்கும்.

இதில் நுழைய ஒளிச்சேர்க்கையும் தாவரச் சுவாசமும் முன்கூட்டியே வேண்டும். பத்தாம் வகுப்பு அளவு போதும். அதை முடித்துவிட்டு, தாவர ஹார்மோன்களில் எத்திலீன், ஜிப்ரலின் இரண்டையும் மட்டும் படித்துக்கொண்டு தொடங்குங்கள். மற்ற ஹார்மோன்கள் கதையில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.